இழுக்கு எவர்க்கு? – பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானோர்க்குத் துணைநிற்றல் குறித்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

ஓர் இல்லத்தில் களவு நிகழ்ந்தால் பொருளை இழந்தவரை நாம் பழிப்பதில்லை. களவாடியவனைத் தேடுகிறோம், இழந்தவர்க்கு ஆறுதல் கூறுகிறோம். ஆனால் ஒரு பெண்ணின் உடல்மீது வன்முறை நிகழும்போது மட்டும் ஊரின் பார்வை திசைமாறி அவள்மீதே விழுகிறது. ஏன் அவ்வழியே சென்றாள், ஏன் அந்நேரத்தில் சென்றாள், ஏன் முன்னரே உரைக்கவில்லை என்னும் வினாக்கள் எழுகின்றன. குற்றம் இழைத்தவன் ஊரில் நடமாடுகிறான். கொடுமைக்கு உள்ளானவள் வீட்டுக்குள் மறைகின்றாள். இம்முரண்பாடு எங்கிருந்து வந்தது? இதனைக் களையக் கல்வியாளரும் மாணவரும் ஊர்ப் பெரியோரும் ஆற்ற வேண்டிய பணி யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் சுமையும்

தமிழ் பயில்வோராகிய நாம் முதற்கண் சொல்லை ஆராய்தல் முறையாகும். நெடுங்காலம் நம் செய்தித்தாள்களும் மேடைகளும் இக்குற்றத்தைக் ‘கற்பழிப்பு’ என்றே வழங்கின. இச்சொல்லைப் பிரித்துப் பொருள் காண்போம். அழிப்பவன் ஒருவன், அழிந்ததாகக் கூறப்படுவது அவளுடைய கற்பு. ஆக, குற்றம் ஆணுடையது, இழப்பு பெண்ணுடையது, அவ்விழப்பும் ஈடுசெய்ய இயலாதது என்பதே இச்சொல் உணர்த்தும் பொருளாகும். காயம்பட்டவளை ‘அழிந்தவள்’ ஆக்கும் தீர்ப்பு அச்சொல்லின் உள்ளேயே அடங்கியிருக்கிறது.

தொல்காப்பியம் கற்பியலில் உரைக்கும் கற்பு, கொடுத்தற்குரியோர் கொடுக்க, சடங்கொடு கூடி நிகழும் மணவாழ்வின் ஒழுகலாற்றைக் குறிப்பது. பிறன் ஒருவன் வன்முறையால் பறித்துச் செல்லத்தக்க பொருளாக அஃது அங்குப் பேசப்படவில்லை. ஒழுக்கம் என்பது ஒருவர் தாமே மேற்கொள்வது. பிறர் இழைத்த கொடுமையால் அஃது எங்ஙனம் அழியும்? கற்பினைப் பெண்ணுக்கு மட்டும் விதித்த உலகினரிடம் ஆணுக்கும் அதே அளவுகோலைக் கேட்டவர் பாரதியார் என்பதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

இக்காலத்தில் ‘பாலியல் வன்கொடுமை’, ‘வன்புணர்ச்சி’ ஆகிய சொற்கள் பெருவழக்காகி வருகின்றன. இவை செயலின் தன்மையைக் கூறுகின்றன. பெண்ணின் மதிப்பைப் பற்றி எதனையும் கூறவில்லை. கொடுமையைக் கடந்து வாழ்வைத் தொடர்வோரை ‘மீண்டெழுந்தோர்’ என அழைக்கும் வழக்கும் தோன்றியுள்ளது. சொல் மாறினால் மட்டும் போதுமா எனச் சிலர் வினவலாம். போதாது; ஆயினும் சொல் மாறாமல் நெஞ்சம் மாறுதல் அரிது. அந்நெஞ்சம் மாறுவதற்கு எத்துணைக் காலம் பிடிக்கும், எத்தகைய துணை வேண்டும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு.

வாச்சாத்தி கற்பிக்கும் பாடம்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்த பழங்குடியினர் சிற்றூர் வாச்சாத்தி. சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி, 1992 சூன் 20ஆம் நாள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தோர் அவ்வூரைச் சூழ்ந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் சிறைப்படுத்தப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். அவர்களுள் சிறுமியரும் உண்டு. காக்க வேண்டியோரே குற்றவாளிகளாயினர். தொடக்கத்தில் ஆட்சியாளர் இக்குற்றச்சாட்டை மறுத்தனர்.

எழுத்தறிவும் பொருள்வலிமையும் குறைந்த அப்பெண்கள் எதனைத் துணையாகக் கொண்டு நின்றனர்? தம் சொல்லையே துணையாகக் கொண்டனர். அச்சொல்லைக் கேட்பதற்குச் சிலர் இருந்தனர். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அவர்களின் முறையீட்டை வெளிக்கொணர்ந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தேசிய ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி நேரில் வினவி அறிக்கை அளித்தார். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அ. நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்கு ஆணையிட்டது. 269 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது.

2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டனர். அவர்களுள் 17 பேர்மீது வன்புணர்ச்சிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் அவ்வூருக்கே நேரில் சென்று பார்வையிட்டார். 2023 செப்டம்பர் 29ஆம் நாள் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, 18 பெண்களுக்கும் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறும், அதில் 5 இலட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து பெறுமாறும் அவர் ஆணையிட்டார்.

முப்பத்தோர் ஆண்டுகள்! இத்துணைக் காலமும் அப்பெண்கள் தம் கூற்றினின்று பிறழவில்லை. அதற்குக் காரணம் யாது? அவர்களின் மனவுறுதி முதற்காரணம். அவர்களின் ஊரும் குடும்பமும் அவர்களைத் தள்ளி வைக்காமையும், அவர்தம் சொல்லை நம்பியோர் இடையில் கைவிடாமையும் அவ்வுறுதிக்கு ஊன்றுகோலாயின. உரைப்பவளுக்கு உறவு இழப்பு நேராத இடத்தில்தான் உண்மை நிலைத்து நிற்கும் என்பதே வாச்சாத்தி கற்பிக்கும் பாடமாகும்.

சட்டம் கடந்து வந்த வழி

சட்டமும் ஒரு காலத்தில் ஊரைப் போலவே பெண்ணை ஐயுற்றது. 1972இல் மராட்டிய மாநிலத்தில் காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு உள்ளான வழக்கில், உடலில் காயம் இல்லை, எதிர்த்தமைக்கு அறிகுறி இல்லை என்பன போன்ற காரணங்களால் இரு காவலரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதனை எதிர்த்து 1979இல் உபேந்திர பக்சி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய சட்டப் பேராசிரியர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். அம்மடல் நாடெங்கும் இயக்கமாக வளர்ந்து, 1983ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கு வழிகோலியது. கல்விக்கூடத்தில் பணியாற்றுவோரின் எழுதுகோலுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அதன்பின் வந்த மாற்றங்கள் பல. பாதிக்கப்பட்ட பெண்ணின் ஒழுக்கத்தைக் குறைகூறி அவள் சாட்சியத்தை மறுக்க இடமளித்த விதி 2003இல் நீக்கப்பட்டது. குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. தில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின், நீதிபதி வர்மா குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2013இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்ணின் மானத்தை மீண்டும் காயப்படுத்தும் ‘இருவிரல் சோதனை’ கூடாதென உச்ச நீதிமன்றம் 2013இலும், பின்னர் 2022இலும் உரைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2022இல் அதனைத் தடைசெய்யப் பணித்தது. இன்று, 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுதலைத் தண்டனைக்குரிய குற்றமாகத் தொடர்ந்து கொண்டுள்ளது.

எனினும் ஏட்டில் உள்ள சட்டம் நாட்டில் உலவுதல் வேண்டும். 2019இல் பொள்ளாச்சியில் ஒரு பெண் துணிந்து முறையிட்டபோது, அவள் பெயரைக் காவல்துறை உயரதிகாரியே வெளிப்படுத்தினார். பிற பெண்கள் முறையிட முன்வருவரோ என்னும் அச்சம் அன்று எழுந்தது. ஆயினும் பெண்கள் முன்வந்தனர், மூடிய நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தனர், பிறழவில்லை. 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்து, பாதிக்கப்பட்டோர்க்கு மொத்தம் 85 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது.

நம் பள்ளத்தாக்கின் நிலை

இச்செய்திகள் எல்லாம் தொலைவில் நிகழ்ந்தவை எனக் கருதுதல் பிழையாகும். கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம் முதலிய ஊர்களிலிருந்து நம் மாணவியர் நாள்தோறும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வருகின்றனர். கூட்ட நெரிசலில் ஒருவன் தீண்டினான் என்று ஒரு மாணவி வீட்டில் உரைத்தால் என்ன நிகழும்? பல வீடுகளில் கிடைக்கும் முதல் மறுமொழி, “இனி நீ படித்தது போதும்” என்பதே. தவறு செய்தவன் மறுநாளும் அதே பேருந்தில் பயணம் செய்வான்; அவளோ படிப்பை இழப்பாள். இதனை அறிந்த மாணவி வாய் திறவாள். பெற்றோர் அன்பினாலேதான் அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் அவ்வன்பு தண்டனையின் வடிவில் அவளைச் சென்றடைகிறது.

மற்றொரு சாராரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் சோற்றுத் தூக்குடன் ஜீப்பேறி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் நம் ஊர்களில் மிகப் பலர். நம் மாணவரின் அன்னையரும் அவர்களுள் உளர். தோட்டத்தில் ஒருவன் தகாது நடந்தால், உரைத்தால் வேலை போகும்; வேலை போனால் அடுப்பு எரியாது. இவர்களுக்கெனவும் சட்டத்தில் இடமுண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரியும் இடங்களைச் சேர்ந்தோரும், முதலாளி மீதே குறைகூற வேண்டியோரும் முறையிடுவதற்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைக்கப்பட வேண்டும் என அச்சட்டம் கூறுகிறது. தோட்டம் இடுக்கி மாவட்டத்தில் இருப்பின் அம்மாவட்டக் குழுவை அணுகலாம். வன்கொடுமைக் குற்றமாயின், அது கேரளத்தில் நிகழ்ந்திருப்பினும் நம் ஊர்க் காவல் நிலையத்திலேயே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாம். எல்லையைக் காரணம் காட்டி மறுத்தலாகாது. இச்செய்தியை ஜீப்பில் செல்லும் எத்தனை பெண்கள் அறிவர்?

சான்றைப் பேணுதலின் இன்றியமையாமைக்கும் நம் பள்ளத்தாக்கிலேயே ஒரு துயரச் சான்று உண்டு. 2011இல் சுருளி அருவிப் பகுதிக்குச் சென்ற இளம் இணையர் கொல்லப்பட்டனர். அப்பெண் வன்கொடுமைக்கும் உள்ளானாள். கீழமை நீதிமன்றம் 2018இல் ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது; உயர் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஆனால் 2025இல் உச்ச நீதிமன்றம், குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி அவரை விடுவித்தது. மரபணு மாதிரிகளைச் சேகரித்துக் காத்து ஆய்வகம் சேர்த்த முறையில் இருந்த குறைகளைச் சுட்டி, நாடு முழுமைக்கும் நெறிமுறைகளையும் வகுத்தது. புலனாய்வு பிழைபட்டால் இழந்தோர்க்கும் நீதி இல்லை. குற்றம் சாட்டப்பட்டோர்க்கும் நீதி இல்லை என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

கேட்போர் கடமை

ஒரு பெண்ணோ சிறுவனோ சிறுமியோ தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக உரைப்பது பெரும்பாலும் காவலரிடம் அன்று. தாயிடம், தோழியிடம், ஆசிரியரிடம். அம்முதற்கேள்வியிலேயே பிற்காலம் முழுவதும் தீர்மானமாகிவிடுகிறது எனலாம். ஆதலின் கேட்போர் அறிய வேண்டியன சிலவற்றை வரிசைப்படுத்துவோம்.

ஒன்று: இடைமறியாது கேட்டல் வேண்டும். “நீ ஏன் சென்றாய்” என வினவாது, “நீ உரைத்தது நன்று, இது உன் பிழையன்று” என்று கூறுதல் வேண்டும்.

இரண்டு: மருத்துவம் முதன்மையானது. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் உடனடியாகக் கட்டணமின்றி மருத்துவம் அளித்தல் சட்டக் கடமையாகும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். ஆதலின் காலம் தாழ்த்தலாகாது. மருத்துவரைக் காணும்வரை குளியாதிருத்தல் நன்று. அணிந்திருந்த ஆடைகளைத் துவைக்காமல் தாளில் சுற்றி வைத்தல் நன்று. காலம் கடந்துவிட்டதெனினும் முறையிடும் உரிமை போய்விடுவதில்லை.

மூன்று: முடிவெடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. வயது நிரம்பிய பெண் முறையிடுவதா, எப்போது முறையிடுவது என்பதை அவளே தீர்மானிப்பாள். நாம் வழிகளை எடுத்துரைத்துத் துணை செல்வோம். ஆனால் 18 வயது நிரம்பாதோர் வழக்கில் நிலை வேறு. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் எனப் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது. பள்ளியின் பெயர் கெடும் என மறைக்கும் தலைமையாசிரியரும் தண்டனைக்கு உரியவராவார்.

நான்கு: உதவிகள் உண்டு என அறிவித்தல் வேண்டும். மகளிர் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098, அவசர எண் 112. அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் 1992 முதல் தமிழகத்தில் இயங்கி வருகின்றன. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்கள் எவரும், வருவாய் வரம்பு பாராமல், கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி பெறலாம். அரசின் இழப்பீட்டுக்கும் அங்கு வழியுண்டு.

ஐந்து: அவள் பெயரைக் காத்தல் வேண்டும். நமக்கு நம்பி உரைத்த செய்தி நம்மைவிட்டு வெளியேறுமாயின், அஃது இரண்டாம் முறை இழைக்கப்படும் கொடுமையாகும்.

சமரசம் என்னும் பொறி

ஊர்ப் பெரியோரிடம் ஒன்றை மிகுந்த மரியாதையுடன் கூறக் கடமைப்பட்டுள்ளோம். நிலத்தகராறு, குடும்பப் பூசல் ஆகியவற்றைப் பேசித் தீர்த்து ஊரின் ஒற்றுமையைக் காத்த பெருமை ஊர்க் கூட்டங்களுக்கும் ஜமாஅத்துகளுக்கும் உண்டு. ஆனால் பாலியல் வன்கொடுமை பேசித் தீர்க்கும் பூசல் அன்று. பணம் பெற்றுக் கொடுத்தலும், குற்றவாளிக்கே அப்பெண்ணை மணம்முடித்தலும் குடும்ப மானத்தைக் காக்கும் வழிகளாகக் கருதப்பட்டு வந்தன. யாருடைய மானம் காக்கப்படுகிறது? கொடுமை செய்தவனோடு வாழ்நாள் முழுதும் வாழுமாறு பணிக்கப்படுபவளின் மானம் எங்கே சென்றது?

நீதிமன்றமே இப்பொறியில் சிக்கியதுண்டு. 2015 சூன் திங்களில், தண்டனை பெற்ற ஒருவர் பாதிக்கப்பட்ட பெண்ணுடன் சமரசம் பேசுவதற்கென இடைக்காலப் பிணை வழங்கிச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த அப்பெண் சமரசத்துக்கு உடன்பட மறுத்தாள். அவள் மறுப்பு நாடெங்கும் ஒலித்தது. அடுத்த திங்களில், மற்றொரு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வன்புணர்ச்சிக் குற்றத்தில் சமரசம் என்னும் எண்ணத்துக்கே இடமில்லை எனத் தெளிவுறுத்தியது. உயர் நீதிமன்றமும் தன் ஆணையைத் திரும்பப் பெற்றது.

மார்க்கமும் இதனையே அறிவுறுத்துகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் தொழுகைக்குச் சென்ற பெண் ஒருத்தி வழியில் வன்முறைக்கு உள்ளான நிகழ்ச்சி திர்மிதி, அபூதாவூத் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. அவள் முறையீடு கேட்கப்பட்டது. அவள்மீது குற்றம் சுமத்தப்படவில்லை. ஆறுதல் மொழியுடன் அனுப்பப்பட்டாள். ஒழுக்கமுள்ள பெண்கள்மீது சான்றின்றிப் பழி கூறுவோர்க்குத் திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் தண்டனை விதிப்பதையும் பெரியோர் அறிவர். ஆதலின் பாதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றி ஊரில் எழும் புறங்கூறலை அடக்குதலே பெரியோர் ஆற்றத்தக்க முதற்பணியாகும்.

வருமுன் காத்தல்

அறியாதோன் இருளில் மறைந்திருந்து தாக்குவான் என்றே நாம் பிள்ளைகளை எச்சரிக்கிறோம். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி, வன்புணர்ச்சி வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட குழந்தைகளுள் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகக் கூறினர். ஆண் குழந்தைகளும் இதில் அடங்குவர். ஆதலின் பெண்களை வீட்டில் அடைத்தல் பாதுகாப்பாகாது. நல்ல தீண்டல், தீய தீண்டல் இவற்றை இருபால் குழந்தைகளுக்கும் தொடக்கப் பள்ளியிலேயே கற்பித்தலே பாதுகாப்பாகும். உறவினராயினும் ஆசிரியராயினும் மறுத்துரைக்கும் உரிமை தமக்குண்டு என அவர்கள் அறிதல் வேண்டும்.

கல்லூரி ஆற்ற வேண்டியனவும் உள. உள்ளகக் குழுவின் உறுப்பினர் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் அனைவரும் காண இடம்பெறுதல் வேண்டும். முறையிட்ட மாணவியின் வருகைப்பதிவும் தேர்வும் பாதிக்கப்படாது என்னும் உறுதிமொழி அளிக்கப்பட வேண்டும். மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: பேருந்தில் ஒருவன் வரம்பு மீறும்போது உடன் நிற்கும் நண்பர் நகைத்தால் அஃது அவனுக்கு ஊக்கம், கண்டித்தால் அதுவே தடுப்பு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை செப்பனிடும் நம் மாணவர், தோட்டத் தொழிலாளியரிடம் மேற்கூறிய எண்களையும் உரிமைகளையும் எடுத்துரைப்பாராயின் அதுவும் சீரிய தொண்டாகும்.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். பாலியல் வன்கொடுமை ஒருவனால் இழைக்கப்படுகிறது. அதன்பின் வரும் இழப்புகளோ நம் அனைவராலும் இழைக்கப்படுகின்றன. படிப்பு நிற்றல், வேலை போதல், மணம் தடைப்படுதல், பெயர் கெடுதல் ஆகிய இவற்றுள் எதனையும் குற்றவாளி செய்யவில்லை. வீடும் ஊரும் செய்கின்றன. குற்றவாளியைத் தண்டிக்க நீதிமன்றம் வேண்டும். ஆனால் இவ்விழப்புகளைத் தடுக்க நீதிமன்றம் வேண்டா, நாமே போதும்.

துன்பத்தை உரைத்த மகள் மறுநாள் காலையிலும் புத்தகப்பையுடன் அதே பேருந்தில் ஏறிக் கல்லூரிக்கு வரும் நிலை நம் பள்ளத்தாக்கில் உருவாக வேண்டும். அந்நிலையை உருவாக்குதல் பெற்றோர், ஆசிரியர், மாணவர், பெரியோர் அனைவரின் கடமையாகும். இழுக்கு எவர்க்கு என்னும் வினாவுக்கு விடை ஒன்றே: இழைத்தவனுக்கு.